போன இடத்துக்கே திரும்பிப் போன கோய்ல்

ரெண்டு மாசமா இந்தக் கடையைத் திறக்கவே இல்லை. ஆபீஸ்ல ஆணி அதிகம். இன்னிக்கும் திறந்திருக்க மாட்டேன், ஒரு ஃபோன் வந்ததால வந்த வினை இது. கால்பந்துப் பதிவுதான். கிரிக்கெட் கோஷ்டி பயந்து ஓடிடாதீங்க, ஆஃப்சைடு தெரியாதவங்களும் படிக்கலாம் :-)

போன ஞாயித்துக்கிழமை மத்தியானம் அப்பா ரோஜாத் தோட்டத்துல மருந்து அடிச்சிட்டு இருந்தார். நான் வரப்புல உக்காந்து ஹோஸ் பைப்பைப் பிடிச்சிட்டு இருந்தேன். (பாகலூர்ல பிறந்தவன் பொட்டி தட்டப் போனாலும் ஞாயித்துக்கிழமை பைப் பிடிச்சே ஆகணும்.) அப்போ ஃபோன். மூணு வருஷத்துக்கு முன்னாடி நான் விட்டுட்டு வந்த ஓசூர் கம்பெனியோட மேனேஜர். தொழிற்சாலைகளுக்கு சாஃப்ட்வேர் எழுதுற சின்ன ஆபீஸ், மொத்தமே முப்பது பேர்தான். "தம்பி, மறுபடியும் நம்மகிட்டயே வந்துடேன். இந்தத் தடவை டீம் லீடா வா. உன் காலத்துல எப்படி ஓடுச்சு தெரியுமா!" என்றார்.

"யோசிச்சு சொல்றேன் சார்" என்று வைத்துவிட்டேன். வைத்ததும் என் மண்டையில் வந்து நின்ற ஆள் ஓவன் கோய்ல். ஏன் என்று சொல்லத்தான் இந்தப் பதிவு.

சென்னையின் எஃப்சி ஆட்டத்தை எப்பவாவது டிவியில் பார்த்தவர்களுக்கு அவரைத் தெரிந்திருக்கும். மைதான ஓரத்தில் நின்று ஸ்காட்லாந்து உச்சரிப்பில் கத்திக்கொண்டே இருப்பாரே, அவர்தான். ஆனால் ஏட்டில் அவர் அயர்லாந்து ஆட்டக்காரர். 1966ல் ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லியில் பிறந்தார். குடும்பத்தின் வேர் அயர்லாந்தின் டோனிகல் பக்கம். பேச்சு ஸ்காட்லாந்து, ஜெர்சி அயர்லாந்து. எங்க ஊர்க்காரனுக்கு இது புரியாத விஷயமே இல்லை. எங்க வீட்ல தெலுங்கு, சந்தையில கன்னடம், பள்ளிக்கூடத்துல தமிழ். ஊர் பேரைச் சொன்னா பாதிப் பேர் பெங்களூரு ஏர்போர்ட் பக்கத்துல இருக்கிற இன்னொரு பாகலூரை நினைச்சுக்குவாங்க. 'நீ எந்த ஊர்க்காரன்'ங்கிற கேள்விக்கு ஒத்தை வரியில பதில் சொல்ல முடியாத ஆள்னா எனக்கு உடனே ஒரு பாசம் வந்துடும்.

அயர்லாந்துக்காக அவர் ஆடியது மொத்தம் ஒரே ஒரு ஆட்டம். 1994 ஏப்ரலில் நெதர்லாந்தோடு நட்பு ஆட்டம், அயர்லாந்து 1-0 என்று ஜெயித்தது. கோல் போட்டவர் டாமி கோய்ன். அவரை வெளியே எடுத்துவிட்டு மாற்றாக இறக்கிய ஆள் ஓவன் கோய்ல். கோய்ன் போனார், கோய்ல் வந்தார். ஸ்கோர் எழுதின ஆள் ஒரு எழுத்தை மாத்திட்டு டீ குடிக்கப் போயிருப்பார். அந்த வருஷம் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பைக்கு அயர்லாந்து போனது, கோய்ல் போகவில்லை. ஒரு தேசத்துக்கான அவர் கணக்கு அதோடு மூடப்பட்டது.

மற்றபடி அவர் ஆடியது எல்லாம் பெரும்பாலும் இரண்டாம் தட்டு. டம்பார்டன், கிளைட்பேங்க், ஏர்ட்ரியோனியன்ஸ், போல்டன், டண்டீ யுனைடெட், மதர்வெல், டன்ஃபெர்ம்லின், ராஸ் கவுண்டி, ஃபால்கிர்க்... பஸ் ஸ்டாண்டுல கண்டக்டர் கூவுற மாதிரி இருக்குல்ல? இதுல சில ஊர்களுக்கு ரெண்டு தடவை போயிருக்கார். இந்த 'ரெண்டு தடவை'யை மனசுல வச்சுக்கோங்க, பின்னாடி வேலை இருக்கு.

அவர் நட்சத்திரம் இல்லை. ஆனால் தேவையான நேரத்தில் தேவையான இடத்தில் நிற்கிற ஃபார்வர்டு. 1995 மே மாதம் வெம்ப்ளியில் பிரீமியர் லீக்குக்கு ஏறுவதற்கான பிளே-ஆஃப் இறுதி. போல்டன் ரெடிங்கிடம் 0-2 என்று பின்தங்கி, ஆட்டம் முடிய கால் மணி நேரம்தான் மிச்சம். முதல் கோலைத் திருப்பியவர் கோய்ல். அதற்கப்புறம் சமன் செய்து, எக்ஸ்ட்ரா டைமில் 4-3 என்று போல்டன் ஜெயித்தது. சரி, ஏறியாச்சு, பிரீமியர் லீக்கில் ஆடிப் பெயர் வாங்கினாரா? இல்லை. சில மாதங்களில் டண்டீ யுனைடெட்டுக்குப் போய்விட்டார். அங்கே 1996ல் மறுபடியும் ஒரு பிளே-ஆஃப். எக்ஸ்ட்ரா டைமில் பார்ட்டிக் திஸிலுக்கு எதிராக வெற்றி கோல் அடித்து அந்த அணியையும் மேலே ஏற்றினார். ஏணி தூக்கிக் கொடுக்கிற ஆள், மாடியில உக்கார்ற ஆள் இல்லை.

நடுவில் ஒரு சினிமாவிலும் நடித்திருக்கிறார் தெரியுமா? 'எ ஷாட் அட் குளோரி' என்ற படம், 'காட்ஃபாதர்' புகழ் ராபர்ட் டுவால்தான் அதில் மேனேஜர். நம்ம ஆளுக்கு ஆட்டக்காரர் வேஷம். நாம 'பிகில்' பார்த்து விசில் அடிச்சது 2019 தீபாவளிக்கு. திடீர்னு டீமைக் கையில எடுத்து கோப்பை வரைக்கும் கூட்டிட்டுப் போற கோச் கதை. அதுக்கு ஆறு வாரம் கழிச்சு நிஜத்துலேயே அப்படி ஒரு ஆள் சென்னையில வந்து இறங்கினார்.

அதுக்கு முன்னாடி அவர் மேனேஜரான கதை. 2003ல் ஃபால்கிர்க்கில் ஜான் ஹியூஸோடு சேர்ந்து ஜோடி மேனேஜர், கூடவே ஆட்டமும். அந்த அணி இரண்டாம் தட்டில் முதலிடம் பிடித்தும் மேலே ஏற விடவில்லை, மைதானம் விதிக்குத் தோதாக இல்லை என்று காரணம் சொன்னார்கள். பிறகு 2005ல் செயின்ட் ஜான்ஸ்டோன். 2007ல் கடைசி நாள் வரை முதலிடத்துக்குப் போட்டி. இவர்கள் ஆட்டத்தை ஜெயித்துவிட்டுக் காத்திருக்க, வேறொரு மைதானத்தில் கிரெட்னா அணி கடைசி நேரத்தில் கோல் போட்டு ஏறிவிட்டது. (அந்த கிரெட்னா அடுத்த வருஷமே பணம் இல்லாமல் கலைந்துபோனது. ஸ்டார்ட்-அப்ல வேலை பார்த்தவங்களுக்கு இந்தக் கதை பழக்கமா இருக்கும்.)

2007 நவம்பரில் இங்கிலாந்தின் பர்ன்லி. இங்கேதான் கோய்ல் பெரிய ஆள் ஆனார். பர்ன்லி நம்ம ஓசூரை விடச் சின்ன ஊர், பழைய பஞ்சாலை ஊர். 2008-09 சீசனில் லீக் கோப்பையில் செல்சியை அவர்கள் மைதானத்திலேயே பெனால்டியில் வெளியே தள்ளினார்கள். அடுத்து ஆர்சனல், 2-0. அரையிறுதியில் டாட்டன்ஹாமிடம் முதல் ஆட்டம் 1-4. இரண்டாவது ஆட்டத்தில் 3-0 என்று திருப்பி மொத்தக் கணக்கைச் சமன் செய்து, எக்ஸ்ட்ரா டைமின் கடைசி மூணு நிமிஷத்தில் ரெண்டு கோல் வாங்கித் தோற்றார்கள். வேற டீமா இருந்தா அதோட சீசனே படுத்திருக்கும். இவர்கள் அந்த சீசனில் 61 ஆட்டம் ஆடி, மே மாதம் வெம்ப்ளியில் ஷெஃபீல்டு யுனைடெட்டை 1-0 என்று ஜெயித்து, 33 வருஷத்துக்கு அப்புறம் முதல் தட்டுக்கு ஏறினார்கள். ஆகஸ்டில் சொந்த மண்ணில் பர்ன்லியின் முதல் ஆட்டம், அப்போதைய சாம்பியன் மான்செஸ்டர் யுனைடெட்டோடு. ராபி பிளேக் அடித்த ஒரே கோல், 1-0.

ஊரே தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியது. அடுத்த ஜனவரியில், 2010ல், சீசன் பாதியில் இருக்கும்போது, கோய்ல் போல்டனுக்குப் போய்விட்டார்.

தொலைதூரம் கூட இல்லை. இங்கேர்ந்து பெங்களூரு போற மாதிரி, பக்கத்து ஊர். அதே தட்டில், அதே நேரத்தில் தப்பிப் பிழைக்கப் போராடிக்கொண்டிருந்த போட்டி அணி. பர்ன்லி ரசிகர்கள் 'யூதாஸ்' என்று கத்தினார்கள். பர்ன்லி அந்த சீசன் முடிவில் கீழே இறங்கியது, போல்டன் தப்பியது.

இந்த இடத்தில் நான் கோய்ல் பக்கம் இல்லை. போனது தப்பில்லை, யாரும் எங்கேயும் போகலாம். ஜனவரியில் போனதுதான் தப்பு. இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதின்னு கேட்டா, தகுதியே இல்லை. நானும் அப்படித்தான் வந்தேன். மூணு வருஷத்துக்கு முன்னாடி ஒரு வாடிக்கையாளர் ஃபேக்டரியில் எங்க சிஸ்டத்தை நிறுவிக்கொண்டிருந்த வாரம், பெங்களூரு ஆஃபர் வந்துச்சு. நோட்டீஸ் பீரியடைக் காசு கட்டிக் கழிச்சுட்டு வந்துட்டேன். மறுநாள் காலையில வாட்ஸப் குரூப்ல நான் இல்லை. யாரும் யூதாஸ்னு சொல்லலை, அவங்க நாகரிகமானவங்க.

ஆனால் கோய்லின் அந்தப் போக்குக்குள் ஒரு விஷயம் இருக்கிறது. அவர் புது இடத்துக்குப் போகவில்லை. ஆட்டக்காரராக இருந்த, வெம்ப்ளியில் கோல் போட்ட, தன் பேரைச் சொன்னால் இன்னும் கை தட்டுகிற இடத்துக்குத் திரும்பிப் போனார். பர்ன்லிக்காரர்களுக்கு அது ஓட்டம். அவருக்கு அது வீடு திரும்பல். அங்கே நடந்தது என்ன? தொடக்கம் நல்லாத்தான் இருந்தது, மறுக்கவில்லை. 2011ல் எஃப்ஏ கோப்பை அரையிறுதி வரை போய் ஸ்டோக்கிடம் 0-5 என்று உதை. 2012 மார்ச்சில் ஃபாப்ரிஸ் முவாம்பா என்ற இளம் ஆட்டக்காரர் மைதானத்திலேயே இதயம் நின்று விழுந்தார். கோய்ல் ஆஸ்பத்திரிக்கு ஓடினார், அந்தக் குடும்பத்தோடு நின்றார். பையன் பிழைத்தார். அந்தக் கோலத்தில் மனுஷன் எப்படி டீம் ஷீட் எழுதினாரோ. மே மாதம் கடைசி நாளில் ஸ்டோக்கோடு 2-2, ஒரே ஒரு புள்ளியில் போல்டன் கீழே. அக்டோபரில் வேலை போயிற்று.

அதற்கப்புறம் விகன், அமெரிக்காவின் ஹூஸ்டன், பிளாக்பர்ன் என்று சுற்றினார். எதுவும் சரியாக அமையவில்லை. விகனில் ஆறு மாதம்தான். வேகமாகத் தாண்டிவிடலாம்.

2017ல் ராஸ் கவுண்டி. இதுவும் அவர் ஆடிய பழைய கிளப். மறுபடி திரும்பல். அஞ்சாறு மாதத்தில் விலகினார், அந்த சீசனில் அணி கீழே இறங்கியது.

இப்போ நம்ம ஊருக்கு வருவோம். 2019 நவம்பர் 10, கண்டீரவா ஸ்டேடியம். நான் இன்ஜினியரிங் கடைசி வருஷம். எங்களுக்குச் சென்னை 300 கிலோமீட்டருக்கு மேல. கண்டீரவா அதில் ஆறில் ஒரு பங்கு கூட வராது. அதனால் என் மாதிரி ஆட்களுக்குச் சென்னை அணியைப் பார்க்கக் கிடைப்பது பெங்களூரு அணி ரசிகர்களுக்கு நடுவில்தான். ஜெர்சிக்கு மேல ஸ்வெட்டர். ஸ்வெட்டருக்கு உள்ள வியர்வை. அன்னிக்கு 0-3. அதுவரை நாலு ஆட்டம் முடிஞ்சு சென்னை ஒரு கோல் கூடப் போடலை. 2018 மார்ச்சில் இதே மைதானத்தில் பெங்களூருவை 3-2 என்று ஜெயித்துக் கோப்பை தூக்கின அணியா இதுன்னு இருந்தது. அட்டிபெலே தாண்டுற வரைக்கும் பஸ்ல ஒருத்தனும் பேசலை.

கோப்பை வாங்கித் தந்த ஜான் கிரெகரி அந்த மாதக் கடைசியில் விலகினார். ஆறு ஆட்டத்தில் 5 புள்ளி. டிசம்பரில் கோய்ல் வந்தார். தமிழ்நாட்டில் முக்கால்வாசிப் பேர் அவர் பேரைக் கேட்டதே இல்லை. 'இங்கிலாந்தில் வேலை கிடைக்காதவர்' என்று எழுதியவர்களில் நானும் ஒருத்தன். நண்பர்கள் ஞாபகம் வச்சிருப்பாங்க, கிண்டல் பண்ணாதீங்க :-(

அப்புறம் நடந்தது... மிச்சம் இருந்த 12 லீக் ஆட்டத்தில் 24 புள்ளி. அதே ஆட்டக்காரர்கள்தான். வால்ஸ்கிஸ், கிரிவெல்லாரோ, சாங்தே, அனிருத் தாபா, நம்ம நெய்வேலி எட்வின் வன்ஸ்பால். ஆளை மாற்றவில்லை, பயத்தை எடுத்தார். பந்து கிடைத்தால் முன்னாடி ஓடு, தப்பு நடந்தா நான் பார்த்துக்கறேன் என்கிற ஆட்டம். கொச்சியில் போய் கேரளாவை 6-3. கோல் போடத் தெரியாமல் தவித்த சாங்தே திடீரென்று வேறு ஆளாகத் தெரிந்தார். அரையிறுதியில் கோவாவோடு சொந்த ஊரில் 4-1, அங்கே 2-4, மொத்தம் 6-5. அந்த இரண்டாவது ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அம்மா வந்து "யாருக்கு என்னடா ஆச்சு"ன்னு கேட்டாங்க.

2020 மார்ச் 14, இறுதி ஆட்டம், கோவா. கொரோனாவால் மைதானத்தில் ஆளே இல்லை. கத்தினால் எதிரொலி கேட்டது. ஏடிகே 3-1. வால்ஸ்கிஸ் 15 கோலோடு தங்கக் காலணி வாங்கினார், கோப்பை வரவில்லை. பத்து நாளில் நாடே மூடிவிட்டது. அந்த மூன்று மாதமும் அப்படியே கண்ணாடிப் பெட்டிக்குள் போய்விட்டது. தோற்றதுகூட எங்களுக்கு இனிப்பாகத்தான் ஞாபகம் இருக்கிறது.

கோய்ல் அடுத்து ஜாம்ஷெட்பூர் போனார். அங்கேயும் அந்நியர். 2021-22ல் லீக் ஷீல்டு, 43 புள்ளி, அப்போதைக்கு அதுவே அந்த லீக்கின் சாதனை. கடைசி லீக் ஆட்டத்தில் ஏடிகே மோகன் பகானை 1-0 என்று ஜெயித்தே வாங்கினார்கள். ஊருக்கு ஒதுக்குப்புறமாக, எஃகு ஆலை நகரத்தின் அணி, பெரிய பெயர்கள் இல்லை. கிரெக் ஸ்டூவர்ட் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 10 கோல், அதுக்கு மேல 10 கோலுக்கு வழி செய்து கொடுத்தார். குடும்பத்தைக் காரணம் சொல்லி கோய்ல் கிளம்ப, அடுத்த சீசன் ஜாம்ஷெட்பூர் பத்தாமிடம். இவர் கிளாஸ்கோ திரும்பி குயின்ஸ் பார்க் போனார். 2023 மே மாதம், ஏறலாமா வேண்டாமா என்கிற கடைசி நாள் ஆட்டத்தில் டண்டீயிடம் 3-5. அடுத்து பிளே-ஆஃபிலும் அடி. விலகினார்.

அந்த ஜூலையில் சென்னை அவரை மறுபடி கூப்பிட்டது. அவரும் வந்தார்.

எங்களுக்கெல்லாம் தலைகால் புரியாத சந்தோஷம். எனக்கும்தான். பெங்களூரு ஆபீஸ் கேன்டீன்ல டீ வாங்கிக் கொடுத்தேன். இப்போ யோசிச்சா, நாங்க கொண்டாடினது வரப்போற சீசனை இல்லை, 2020 பிப்ரவரியை. முதல் வருஷம் ஆறாமிடம், பிளே-ஆஃபில் கோவாவிடம் 1-2. 2020க்கு அப்புறம் பிளே-ஆஃப் போனதே அதுதான் முதல் தடவை, அதைக் குறைத்துச் சொல்லவில்லை. இரண்டாவது வருஷம், 2024-25ல், 13 அணிகளில் பதினொன்றாமிடம். 2025ல் பிரிந்தார்கள். கோவாக்காரரான கிளிஃபோர்ட் மிராண்டா பயிற்சியாளர் ஆனார்.

போல்டன், ராஸ் கவுண்டி, சென்னை. மேனேஜராக அவர் அதுவரை திரும்பிப் போன மூன்று பழைய இடங்கள். மூன்றிலும் கடைசியில் கசப்பு. பெயர் வாங்கின இடங்கள் எல்லாம், பர்ன்லி, 2019 சென்னை, ஜாம்ஷெட்பூர், யாரும் எதுவும் எதிர்பார்க்காத அந்நியனாகப் போன இடங்கள். (ஆட்டக்காரராக ஏர்ட்ரியோனியன்ஸுக்கு 2001ல் திரும்பிப் போனார், 2002ல் அந்தக் கிளப்பே கடனில் மூழ்கி மூடிவிட்டார்கள். இதை அவர் தலையில் கட்டமாட்டேன்.)

ஆபீஸ்ல என் பக்கத்து சீட் நண்பன் ஒரு லிவர்பூல் வெறியன். அவன்கிட்ட இதைச் சொன்னேன். "டேய், விகன், ஹூஸ்டன், பிளாக்பர்ன் மூணும் புது இடம்தானே, அங்க என்ன கிழிச்சார்? பாதி டேட்டாவை மட்டும் எடுத்து கிராஃப் போடாத" என்றான். நியாயமான கேள்வி. புது இடம் என்றால் ஜெயிப்பார் என்று நான் சொல்லவில்லை. இன்னொன்றும் உண்மை. 2023ல் அவரிடம் கொடுத்தது 2019ன் அணி இல்லை. வால்ஸ்கிஸ் இல்லை, சாங்தே மும்பையில், தாபா மோகன் பகானில். பழைய சமையல்காரரைக் கூப்பிட்டுவிட்டு மளிகையை மறந்துவிட்டோம்.

ஆனால் என் வாதம் அவருடைய திறமையைப் பற்றியதே இல்லை. திரும்பக் கூப்பிடுகிறவர்களைப் பற்றியது. 2019ல் கோய்லிடம் கிளப் கேட்டது, 'இந்தப் பிரச்சினையை என்ன பண்ணலாம்?' 2023ல் கேட்டது, 'அன்னிக்குப் பண்ணினதை மறுபடி பண்ணுங்க.' முதல் கேள்விக்கு ஒரு மேனேஜர் வேண்டும். இரண்டாவதுக்கு ஒரு ஞாபகம் போதும். பழைய ஆளைக் கூப்பிடுகிற நிர்வாகம், என்ன தப்பு என்று உட்கார்ந்து யோசிக்கிற வேலையை ஒரு ஃபோன் காலில் தள்ளிப் போடுகிறது. வந்த ஆளோ முதல் தடவை கேட்கிற முட்டாள்தனமான கேள்விகளைக் கேட்கமாட்டார். இந்த ரைட் பேக் ஏன் இங்க நிக்கறான், இந்தப் பயிற்சி ஏன் காலையில நடக்குது என்று கேட்பது புது ஆள் மட்டும்தான். பழைய ஆளுக்கு எல்லாம் தெரியும். தெரியும் என்பதுதான் வம்பே.

இதில் யாரும் பேசாத இன்னொருத்தர் இருக்கிறார். சையத் சபீர் பாஷா. சென்னைக்காரர், இந்தியன் வங்கி அணியின் ஃபார்வர்டு, தொண்ணூறுகளில் இந்தியாவுக்கு ஆடியவர். கிரெகரி இருந்தபோதும் உதவிப் பயிற்சியாளர், கோய்ல் வந்தபோதும் உதவிப் பயிற்சியாளர். 2022 பிப்ரவரியில் கோவாவிடம் 0-5 என்று தோற்று பாண்டோவிச் போனதும், மிச்ச ஆட்டங்களுக்கு அணியை அவர் கையில் கொடுத்தார்கள். 'இடைக்கால' என்று ஒரு வார்த்தையோடு. சீசன் முடிந்ததும் ஜெர்மனியிலிருந்து தாமஸ் பிரடாரிச் வந்தார். அவர் போனதும் ஸ்காட்லாந்திலிருந்து கோய்ல் வந்தார். போனவரைத் திருப்பிக் கூப்பிட ஃபோன் நம்பர் இருந்தது. போகாமலே இருந்தவருக்கு யாரும் ஃபோன் பண்ணவில்லை, அவர் பக்கத்து ரூமில்தானே இருக்கிறார். பாஷா பெரிய மேனேஜராக வந்திருப்பார் என்று என்னால் சத்தியம் பண்ண முடியாது. கோய்லுக்குக் கிடைத்த இத்தனை வாய்ப்பில் ஒன்று அவருக்கு இடைக்காலம் என்ற ஒட்டு இல்லாமல் கிடைத்திருந்தால்தானே அது தெரியும்? கோய்லின் கதையில் எனக்குப் பிடித்ததே அதுதான். பெரிய பெயர் இல்லாத ஆளை, ஃபால்கிர்க்கும் செயின்ட் ஜான்ஸ்டோனும் நம்பி உட்கார வைத்தார்கள். நம்ம ஊரில் அந்த முதல் நாற்காலி மட்டும் காலியாவதே இல்லை.

இதை எழுத ஆரம்பிச்சப்போ, பழைய கம்பெனிக்குப் போகலாமா கூடாதான்னுதான் யோசிச்சிட்டு இருந்தேன். அப்பாகிட்ட கேட்டேன். "சம்பளம் எவ்ளோ சொன்னான்?" என்றார். சொன்னேன். "பெட்ரோல் மிச்சம் ஆகும்ல?" என்றார். அவ்வளவுதான் அவர் பக்கத்து விவாதம். பெட்ரோல் மிச்சம் ஆகுறது உண்மைதான். தினமும் அட்டிபெலே டிராஃபிக்ல போற ரெண்டரை மணி நேரமும் மிச்சம். ஆசை இல்லைன்னு பொய் சொல்லமாட்டேன்.

பாஷாவைப் பத்தின பத்தியை எழுதி முடிச்சப்போதான் உறைச்சது. நான் விட்டுட்டு வந்தப்புறம் அந்த டீமை யார் பார்த்துக்கறாங்க? ஒரு பையன் இருந்தான். எனக்கு ரெண்டு வருஷம் ஜூனியர், தேன்கனிக்கோட்டைப் பக்கம். நான் ஓடி வந்த அந்த வாரம் ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் அந்த ஃபேக்டரியில நின்னு சிஸ்டத்தை ஓட வச்சவன் அவன்தான்னு அப்புறம் கேள்விப்பட்டேன். ஒரு தடவை கூட நான் அவனுக்கு ஃபோன் பண்ணலை. என்னன்னு பண்றது?

திங்கக்கிழமை ராத்திரி பண்ணிட்டேன். எடுத்ததும் "சொல்லுங்கண்ணா"ன்னான், நேத்துதான் பேசின மாதிரி. ஒரு வருஷத்துக்கும் மேல லீட் வேலையை அவன்தான் பார்க்கிறானாம். பதவிப் பேரு மட்டும் இன்னும் மாறலை, 'தற்காலிகமா பார்த்துக்கோ'ன்னு சொல்லியிருக்காங்க. எனக்கு வந்த ஃபோனைப் பத்திச் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "நீங்க வந்தா சந்தோஷம்தாண்ணா. ஆனா அந்த வேலை வேணுமான்னு என்கிட்ட யாரும் கேக்கவே இல்லை" என்றான்.

"வேணுமாடா?"

"வேணும்ணா."

செவ்வாய்க்கிழமை மத்தியானம் பழைய மேனேஜருக்கு ஃபோன் போட்டு, நான் வரலை சார்னு சொல்லிட்டு, அவன் பேரைச் சொன்னேன். "அவனா? நல்ல பையன்தான்... யோசிக்கிறேன் தம்பி" என்றார். இதைப் பதிவேத்துற வரைக்கும் யோசிச்சிட்டுதான் இருக்கார்.